லாரி போன பிறகு

விழுப்புரத்திலிருந்து காணை, கெடார் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் சாலையிலும் சரி, தமிழ்நாட்டின் வேறு எந்தச் சாலையிலும் சரி, மதில்களில் ஒரு விளம்பரத்தைப் பார்க்கலாம். ‘செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய’ என்று பெயின்ட்டில் எழுதி, கீழே ஒரு கைபேசி எண். கூப்பிட்டால் வண்டி வரும். மூடியை நெம்பி, தடித்த குழாயை உள்ளே இறக்கி மோட்டாரைப் போட்டால் சிறிது நேரத்தில் தொட்டி காலி. வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்பார், பணத்தை எண்ணிக் கொடுப்பார், உள்ளே போய் ஊதுவத்தி கொளுத்துவார். லாரி தெருமுனை திரும்பியதும் அவரைப் பொறுத்தவரை காரியம் முடிந்தது.

உண்மையில் முடிந்ததா? பணம் கைமாறும்போது பொறுப்பும் சேர்ந்து கைமாறிவிடுமா?

லாரியில் ஏறியது சாதாரணச் சாக்கடை நீர் அன்று. இரண்டு மூன்று வருஷமாகத் தொட்டியின் அடியில் படிந்து புளித்த மலக்கசடு, சாக்கடையைவிடப் பல மடங்கு செறிவானது. சுத்திகரிப்பு நிலையம் பக்கத்தில் இல்லையென்றால், இருந்தும் டீசல் கட்டுப்படியாகவில்லையென்றால், அது இருட்டியபின் ஓடையிலோ ஏரிக்கரையிலோ திறந்துவிடப்படுகிறது. சில சமயம் நிலத்துக்காரரே வரவேற்று வாங்கிக்கொள்கிறார். உரம் வாங்கும் காசு மிச்சம், வண்டிக்காரருக்கு அலைச்சல் மிச்சம், வீட்டுக்காரருக்கும் குறை இல்லை. மூன்று பேரும் மனமொப்பிச் செய்வதில் அறம் எங்கே கெட்டது என்று கேட்கலாம். அந்தக் கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மலத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருப்பது உண்மை. மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே திரும்புவதும் நியாயமே.

ஆனால் அந்த ஒப்பந்தத்தில் நாலாவது ஆள் ஒருவர் விடுபட்டுப்போகிறார். அந்த வயலில் குனிந்து நாற்று நடும் பெண்ணை யாரும் கேட்கவில்லை. கொக்கிப்புழு வெறுங்கால் தோலைத் துளைத்து உடம்புக்குள் போகும். உருண்டைப்புழுவின் முட்டையோ ஈரமண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அடுத்த வயல்காரரையும் கேட்கவில்லை. நிலத்துக்குப் பட்டா உண்டு, நிலத்தடி நீருக்குப் பட்டா கிடையாது. கசடிலுள்ள தழைச்சத்து நைட்ரேட்டாகி இறங்கி, அவர் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுக்கும் வந்துசேரும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தரநிலை. மீறினால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை. காய்ச்சிக் குடித்தாலும் நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். சம்மதம் கேட்கப்படாதவர் தலையில் போய் விடியும் ஒரு பேரத்தை நியாயமான பேரம் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் குற்றவாளி வண்டிக்காரரா? சட்டத்தின் கை அவர் மீதுதான் முதலில் விழுகிறது. பிடித்து அபராதம் போடுவது சுலபம், ஊரும் கைதட்டும். ஆனால் ‘எங்கே கொண்டுபோய்க் கொட்டச் சொல்கிறீர்கள்?’ என்று அவர் திருப்பிக் கேட்டால், பதில் சொல்ல இடமில்லாத ஊருக்கு அபராதம் போடும் தகுதி பாதிதான். கொட்டும் இடத்தைக் காட்டிவிட்டுத்தான் தண்டிக்க வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது.

இடம் காட்ட முடியாத காரியமும் அன்று இது. மலக்கசடு மேலாண்மைக்கான வழிகாட்டுதல்களைத் தமிழ்நாடு 2014-லேயே வெளியிட்டது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் தாண்டிச் சென்னை போகும் வழியில், மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில், கசடுக்கென்றே தனியாக ஒரு சுத்திகரிப்பு நிலையம் 2017-இல் வந்தது. லாரி கொட்டும் கசடை மணலும் ஜல்லியும் பரப்பிய படுகைகளில் வெயிலில் உலர்த்துவதும், வடியும் நீரைத் தனியே சுத்தம் செய்வதுமே அங்கே வேலை. ராக்கெட் விடும் வித்தை எதுவும் இதில் இல்லை. வெயிலுக்கு விழுப்புரம் மாவட்டத்தில் பஞ்சமா?

ஆனால் அந்தப் படுகையை எந்த ஊரில் போடுவது? ‘நகரத்துக் கழிவுக்கு எங்கள் ஊர்தான் கிடைத்ததா’ என்று கிராமம் மறியலுக்கு வரும்போது அதைச் சுயநலம் என்று ஏசுவது தப்பு. குப்பைமேடும் சுடுகாடும் சாக்கடையும் பெரும்பாலும் யார் குடியிருப்புக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்திருக்கின்றன என்று பார்த்தால் அந்தக் கோபம் புரியும். அதே சமயம், மறியல் செய்யும் ஊரின் தொட்டிகளும் எங்கோ ஓரிடத்தில் காலியாகிக்கொண்டுதான் இருக்கின்றன. நிலையம் வராமல் தடுத்துவிட்டால் கழிவு நின்றுவிடாது, ஓடைக்குப் போகும். அது யாருடைய ஓடை என்பதும் தெரிந்ததுதான். எங்கும் வேண்டாம் என்று சொல்ல எந்த ஊருக்கும் உரிமை கிடையாது. ஏன் இங்கே மட்டும் என்று கேட்க எல்லா ஊருக்கும் உண்டு.

சூழலியல் பொறியியல் ஆராய்ச்சி இந்த இடத்தில் கொஞ்சம் தலைகுனிய வேண்டியிருக்கிறது. வெளியேறும் நீரில் எத்தனை மில்லிகிராம் மாசு என்பதை அது நுட்பமாக அளக்கிறது. கழிவுக் குழியை நாளை யார் திறப்பார், யார் கை படும் என்பதை வடிவமைப்பின் முதல் கேள்வியாக வைப்பது குறைவு. கிராமங்களில் பத்துப் பதினைந்து உறைகளை இறக்கி ஆழமாக ஒரே குழி போடுகிறார்கள். ‘நம்ம ஆயுசுக்கும் நிறையாது’ என்பது கணக்கு. ஆழம் கூடக் கூட நீர்மட்டத்துக்கு நெருக்கம். நிறைந்துவிட்டால் அதை வெட்டி எடுக்க இன்னொருவர் வேண்டும். அவர் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பதை இந்த நாட்டில் விளக்க வேண்டியதில்லை. மனிதரை வைத்துக் கழிவை அள்ளுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. பாதுகாப்பில்லாமல் ஆளை மலத்தொட்டிக்குள் இறக்குவதும் அதன்படி குற்றம். தொட்டியிலும் சாக்கடையிலும் இறந்தவர் குடும்பத்துக்கு 2014-இல் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. தொகை ஏறுகிறதே தவிர, சாவு நிற்கவில்லை.

மாற்று வழி இருக்கிறது. இரட்டைக் குழிக் கழிப்பறையில் ஒன்று நிறைந்ததும் கழிவை அடுத்ததற்குத் திருப்பிவிட்டு, முதலாவதை ஓராண்டுக்கு மேல் மூடிவைத்தால் அதில் இருப்பது வெறும் மண்போலாகிவிடும், நாற்றம்கூட இராது. 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் கங்கதேவிபள்ளியில் மத்திய அரசின் செயலாளர் பரமேஸ்வரன் ஐயரே அப்படிப்பட்ட குழிக்குள் இறங்கி அள்ளிக் காட்டினார். திருச்சி மாவட்டம் முசிறியில் ‘ஸ்கோப்’ அமைப்பின் சுப்புராமன் இன்னும் ஒரு படி மேலே போய், மலத்தையும் சிறுநீரையும் பிரித்துச் சேகரிக்கும் கழிப்பறைகளைப் பரப்பினார். அங்கே ஒரு பொதுக்கழிப்பறையில், பயன்படுத்துவோருக்கே காசு கொடுத்தார்கள். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. எந்தத் தொழில்நுட்பத்தையும் பார்த்தவுடன் இது யாரைக் குழிக்குள் இறங்கவிடாமல் காக்கிறது என்று கேட்டுவிட்டால், ஆராய்ச்சியின் மதிப்பெண் தானே தெரிந்துவிடும்.

வீட்டுக்காரரிடம் திரும்பி வருவோம். லாரியின் பின்னாலேயே அவர் போக வேண்டியதில்லை. எங்கே கொட்டுகிறீர்கள் என்று கேட்கலாம். வீட்டுக்காரர், ஓட்டுநர், நிலையப் பொறுப்பாளர் மூவரும் கையெழுத்திட்ட சீட்டு வந்தால்தான் பாக்கிப் பணம் என்று சொல்லலாம். நிலையம் இல்லையென்றால் கிராம சபையில் எழுந்து கேட்கலாம். அதற்காகக் கூடுதலாக ஆகும் செலவைத் தன் செலவாக ஏற்கலாம். கட்டிய வீட்டின் டைல்ஸுக்கு ஆனதில் அது ஒரு சிறு மூலைக்குத்தான் காணும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை விழுப்புரம் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர், தென்பெண்ணையில் கரைபுரண்ட வெள்ளம். அப்படி வெள்ளம் ஏறும்போது குழிக்கும் கிணற்றுக்கும் நடுவில் கோடு கிடையாது. கொட்டினவர் வாசலுக்கும் கொட்டாதவர் வாசலுக்கும் அதே தண்ணீர்தான் வருகிறது. வடிந்த பிறகு படிக்கட்டில் படிந்திருக்கும் சேற்றைக் கழுவ, மறுபடியும் வேறொரு தெருவிலிருந்துதான் ஆளைக் கூப்பிடுகிறார்கள்.