உரை எங்கே நிற்க வேண்டும்?

பள்ளி செல்லும் குழந்தை இருக்கும் எந்த வீட்டிலும் மாலை வேளையில் இக்காட்சியைக் காணலாம். மேசையின் ஒரு பக்கம் பாடநூல், மறுபக்கம் அதற்குரிய கைடு, நடுவில் குழந்தை. தில்லியிலும் மும்பையிலும் போபாலிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கைடின் தேவை இன்னும் அதிகம். பிள்ளை இந்திக் கவிதை படிக்கிறது. கடைவீதிக்குப் போதுமான இந்தி தாய்க்குத் தெரியும். கவிதையின் இந்தி தெரியாது. ஆகவே உரைநூல் அவ்வீட்டின் இன்னோர் ஆசிரியராகிவிடுகிறது. இதில் பழிக்கத்தக்கது எதுவுமில்லை. ஆயினும் அந்த மேசையில் ஓர் அறக்கேள்வியும் எழுகிறது. அதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

‘இக்கவிதையில் உன் மனத்தைக் கவர்ந்த பகுதி எது? ஏன்?’ என்று பாடநூல் கேட்கிறது. விடையைக் கைடு தருகிறது. குழந்தை அதை மனப்பாடம் செய்து, தன் உள்ளம் நெகிழ்ந்துபோனதாக எழுதி வைக்கிறது. நெகிழ்ந்தது யாருடைய உள்ளம்? குழந்தையுடையதன்று, சொல்லித் தந்த தாயுடையதும் அன்று. ஒருவேளை கைடு எழுதியவருடையதும் அன்று. கணக்கின் விடையைப் பார்த்து எழுதுவது சோம்பல். தான் உணராத ஓர் உணர்வைத் தன்னுடையது என்று கையெழுத்திட்டுக் கொடுப்பது வேறு வகையானது. வாய்மையை ஓயாது போதிக்கும் அதே பெற்றோர், ‘அழகாக எழுதியிருக்கிறாய்’ என்று இதைப் பாராட்டவும் செய்கின்றனர்.

உரையே கூடாது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது அவசரமாகும். உரையின் துணையின்றி நம் முன்னோர் கவிதை பயின்றதில்லை. 14, 15ஆம் நூற்றாண்டுகளை ஒட்டித் தெலுங்கு நாட்டில் வாழ்ந்த மல்லிநாதர், காளிதாசனின் ரகுவம்சம், குமாரசம்பவம், மேகதூதம் ஆகியவற்றுக்கு எழுதிய உரைகளின் பெயர் ‘சஞ்சீவினி’. தீய உரைகளாகிய நஞ்சால் காளிதாசனின் வாக்கு மயங்கிக் கிடப்பதாகவும், அதை எழுப்பவே தாம் உரை செய்வதாகவும் அவரே முகப்பில் கூறுகிறார். கைடுகள் மலிந்த இக்காலத்தில் இந்தச் செய்தி சிறிது புன்னகையை வரவழைக்கலாம். அவர் செய்தது என்ன? செய்யுளின் சொற்களை வாக்கிய முறைக்குக் கொண்டுவந்தார்; பதங்களைப் பிரித்தார்; அரிய சொல்லுக்கு நிகண்டுச் சான்று தந்தார்; தொகைகளை விளக்கினார்; அணியைச் சுட்டினார். ஆதாரமில்லாததையும் வேண்டாததையும் எழுதுவதில்லை என்று தமக்கே வரம்பும் விதித்துக்கொண்டார். படிப்பவன் இதனால் எத்தகைய உணர்வை அடைய வேண்டும் என்பதை அவனுக்காக அவர் உணர்ந்து காட்டவில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சுபத்ரா குமாரி சௌஹானின் ‘ஜான்சி கீ ராணி’ பல ஆண்டுகள் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட ஆறாம் வகுப்பு இந்திப் பாடநூலில் இடம்பெற்றிருந்தது. 1857ஆம் ஆண்டுப் போரையும் ராணி லட்சுமிபாயின் வாழ்க்கையையும் பாடும் நெடிய கவிதை அது. புந்தேல்கண்டின் கதைப்பாடகர்களான ஹர்போலாக்கள் வாய்வழியாகக் கேட்ட கதை என்ற குறிப்பு அதன் பல்லவியில் திரும்பத் திரும்ப வருகிறது. ‘ஹர்போலா’ என்றால் யார் என்பது சென்னையிலிருந்து போபாலுக்குக் குடிபெயர்ந்த பத்து வயதுக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? இங்கே உரை வேண்டும், கட்டாயம் வேண்டும். அச்சொல் விளங்கியதும் கவிதையின் நிலையே மாறுகிறது. அரசி இறந்து எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் தெருவில் பாடிச் செல்பவர்களின் குரலில் அவள் கதை உலவுகிறது என்பதைக் குழந்தை தானே கண்டுகொள்ளும். ஆனால் கைடு அத்துடன் நிற்பதில்லை. ‘இக்கவிதையில் வீர ரசம் ததும்புகிறது; இது நம் நெஞ்சில் நாட்டுப்பற்றை எழுப்புகிறது’ என்று அடுத்த வரியையும் தந்துவிடுகிறது.

இந்த அடுத்த வரியைப் பற்றி நம் காவிய சாஸ்திரம் மிகத் தெளிவாகவே பேசியிருக்கிறது. காஷ்மீரத்தில் 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆனந்தவர்த்தனர், ரசம் என்பது அதன் பெயரைச் சொல்வதால் உண்டாவதில்லை என்று ‘த்வந்யாலோக’த்தில் நிறுவுகிறார். சோகம் என்ற சொல்லைக் கேட்டு எவரும் கண்ணீர் விடுவதில்லை. சூழலும் செயலும் குறிப்பும் கூடிவரும்போது அது உள்ளே தோன்றுகிறது. 11ஆம் நூற்றாண்டின் மம்மடரோ, கவிஞன் தன் கவிதையில் ரசத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பதையே குற்றங்களுள் ஒன்றாக வைத்தார். கவிஞனுக்கே மறுக்கப்பட்ட ஒன்றை நாம் குழந்தையின் விடைத்தாளில் முதல் வாக்கியமாக எழுதச் சொல்கிறோம்!

நியாய தரிசனமும் இங்கே உதவுகிறது. சப்தப் பிரமாணம் என்பது ஆப்தனின் சொல். பொருளை நேரே அறிந்து, அறிந்தவாறே சொல்ல விரும்புபவனே ஆப்தன் என்பது வாத்ஸ்யாயனரின் விளக்கம். ‘ஹர்போலா’ என்ற சொல்லின் பொருளைப் பற்றிக் கைடு எழுதியவர் ஆப்தராக இருக்கலாம். அந்தக் குழந்தையின் மனத்தில் என்ன நிகழ்ந்தது என்பதைப் பற்றி அவர் எவ்வாறு ஆப்தராக முடியும்? அதற்குச் சான்று குழந்தை ஒன்றுதான்.

அப்படியானால் பொருளும் வேண்டாம், மனப்பாடமும் வேண்டாம், குழந்தை தானே சுவைக்கட்டும் என்று விட்டுவிடலாமா? இன்று சிலர் அவ்வாறு கூறுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. பொருளறியாமல் வேதத்தை ஓதுபவனைச் சுமை தாங்கும் தூணுக்கு ஒப்பிடும் பழமொழியை யாஸ்கர் தம் நிருக்தத்தில் எடுத்தாள்கிறார். மத்திய அரசு அமைத்த யஷ்பால் குழு 1993ஆம் ஆண்டு அளித்த ‘சுமையின்றிக் கற்றல்’ அறிக்கையும், புத்தகப் பையின் கனத்தைவிடப் புரியாமையின் கனமே கொடியது என்ற முடிவுக்கு வந்தது. மனப்பாடத்தையும் எளிதில் தள்ளிவிட இயலாது. காவியங்களை இடைவிடாது பயின்றதால் கண்ணாடிபோல் துலங்கிய மனமுடையவர்களையே அபிநவகுப்தர் ‘சஹ்ருதயர்’ என்கிறார். பயிற்சியின்றித் துலக்கம் இல்லை. உரக்கப் படிப்பதும், சந்தம் தவறாமல் திரும்பச் சொல்வதும், ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பதும் இப்பயிற்சியைச் சேர்ந்தவையே. மனனம் செய்ய வேண்டியது கவிதையை. கவிதையைப் பற்றி வேறொருவர் எழுதிய பாராட்டுரையை அன்று.

தாகூரின் இளமைக் கல்வி பெரும்பாலும் வீட்டிலேயே நடந்தது. 1912ஆம் ஆண்டு வெளியான ‘ஜீவன்ஸ்ம்ருதி’யில் அவர் கூறும் சில செய்திகள் பெற்றோர் ஒவ்வொருவரும் அறியத்தக்கவை. வீட்டு ஆசிரியர் ஒருவர் குமாரசம்பவத்தைப் பொருள் கூறி அவருக்குப் பயிற்றுவித்தார். ‘மாக்பெத்’ நாடகத்தை வங்காளியில் விளக்கிவிட்டு, அன்றைய பகுதியைச் செய்யுளாக மொழிபெயர்த்து முடிக்கும்வரை அறையிலேயே அடைத்து வைத்தார். கண்டிப்பான முறைதான், ஆயினும் ஆசிரியர் பொருளைத்தான் தந்தார், விடையைத் தரவில்லை. இதற்கு நேர்மாறான அனுபவமும் அவருக்கு வாய்த்தது. வங்க எழுத்தில், அடிகள் பிரிக்கப்படாமல் உரைநடைபோல் அச்சிட்ட கீதகோவிந்தப் பிரதி ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வடமொழி தெரியாது. உரையும் இல்லை, ஆசிரியரும் இல்லை. சந்தம் எங்கே முறிகிறது என்று தாமே தேடி ஓரிடத்தில் கண்டுபிடித்தபோது பெருமகிழ்ச்சி கொண்டார். நூல் முழுவதையும் தம் கையால் படியெடுத்து வைத்துக்கொண்டார். மொழிபெயர்ப்புப் பணியில் பல ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில் நான் அறிந்தது ஒன்று: அகராதி தரும் பொருளுக்கும் வரி தரும் பொருளுக்கும் இடையே உள்ள தொலைவைத் தானே நடந்து கடக்காதவனுக்கு மூலம் வசப்படுவதில்லை. சிறுவன் தாகூர் அன்று நடந்தது அந்தத் தொலைவைத்தான்.

எல்லாக் குழந்தைகளும் தாகூர் ஆகிவிடுவதில்லை, தேர்வும் வருகிறது. கைடு மேசையிலேயே இருக்கட்டும். முதலில் தாயும் பிள்ளையும் கவிதையை இரண்டு முறை வாய்விட்டுப் படிக்கட்டும். பிறகு சொற்பொருள் பகுதியை மட்டும் திறக்கட்டும். ‘எனக்கும் இந்த வரி புரியவில்லை’ என்று தாய் சொல்ல நேர்ந்தால், அதனால் அவள் மதிப்பு குறையாது. ‘உன் மனத்தைக் கவர்ந்த பகுதி எது?’ என்ற கேள்விக்குப் பிள்ளை, ‘எதுவும் இல்லை’ என்று சொல்லக்கூடும். அதுவும் மெய்யான விடையே. கோபிக்காமல் ஒரு வாரம் கழித்து மீண்டும் படிக்கச் செய்யலாம். ‘குதிரை ஓடையருகே தயங்கி நின்ற இடம்’ என்று சொன்னால் அதையே, அந்தச் சொற்களிலேயே எழுதவிடலாம். கைடின் விடை அதைவிட நீளமாக இருக்கும். திருத்தும் ஆசிரியர் ஒரு மதிப்பெண்ணைக் குறைக்கவும் கூடும். அந்த ஒரு மதிப்பெண்ணை விட்டுக்கொடுக்கப் பிள்ளைகள் பெரும்பாலும் அஞ்சுவதில்லை. தயக்கம் நமக்குத்தான்.