ஓர் எழுத்து

ஓர் எழுத்தே ஒரு சொல்லாக நிற்பதைத் தமிழ் இலக்கணக்காரர்கள் கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள். நன்னூலார் கணக்கில் அப்படிப்பட்டவை 42. அவற்றுள் எனக்கு மிகவும் நெருக்கமானது 'மா'.

மாமரம் மா. விலங்கும் மா, விலங்குகளிலே குறிப்பாகக் குதிரை மா. அரிசியை இடித்தால் மா. பெரியது எதுவோ அதுவும் மா. பழைய கணக்கு வாய்ப்பாட்டில் இருபதில் ஒரு பங்கு மா. தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதரிடம் மா என்றால் அவருக்கு முதலில் மரமும் தோன்றாது, குதிரையும் தோன்றாது, வயல்தான் தோன்றும். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஏக்கரில் சொன்னால், கொஞ்சம் முன்னே பின்னே, மூன்று மா ஓர் ஏக்கர்.

எல்லை தாண்டிப் போனால் வேடிக்கை இன்னும் அதிகம். சீனத்தில் ஒரே சீராக நீட்டிச் சொன்னால் அம்மா. குரலை ஏற்றினால் சணல் போன்ற ஒரு நார்ச்செடி. தாழ்த்தி எழுப்பினால் குதிரை. வெட்டி இறக்கினால் வைவது. தமிழிலும் குதிரை, சீனத்திலும் குதிரை! இது வெறும் தற்செயல்தான். ஆனால் இதை வைத்துக்கொண்டே ஒரு பெரிய சரித்திரம் எழுதிவிடக்கூடிய புலவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தயவுசெய்து அவர்கள் காதில் போட்டுவிடாதீர்கள். இத்தாலியனுக்கு மா என்றால் 'ஆனால்'. 'அதிகம்' என்று பொருள்பட்ட ஒரு லத்தீன் சொல் தேய்ந்து தேய்ந்து அப்படி ஆயிற்றாம். பிரெஞ்சுக்காரனுக்குப் பெண்பாற் சொல்லுக்கு முன்னால் வரும் 'என்னுடைய'. அரபியில் அதுவே 'என்ன?' என்ற கேள்வி, அதுவே 'இல்லை' என்ற மறுப்பு.

அம்மா என்ற பொருள் மட்டும் எங்கும் பொது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ரோமன் யாகப்ஸன் என்ற மொழியியல் அறிஞர் அதற்கு ஒரு காரணமும் சொன்னார்: பால் குடிக்கிற குழந்தை வாயை எடுக்காமலே மூக்கால் முனகுகிற ஒலி அது, தாய் அதைத் தன் பெயராக எடுத்துக்கொண்டுவிட்டாள் என்று. அழகான விளக்கந்தான். ஆனால் ஜார்ஜியா தேசத்தில் 'மாமா' என்றால் அப்பா, அம்மாவுக்கு 'தேதா'. குழந்தை பாட்டுக்கு முனகுகிறது. அது யாரைக் கூப்பிட்டது என்று தீர்மானிப்பவர்கள் பக்கத்தில் இருக்கிற பெரியவர்கள்.

எனக்கு உண்மையில் தொந்தரவு கொடுப்பது வடமொழியின் மா. அதில் அது 'வேண்டாம், செய்யாதே' என்று தடுக்கிற சொல். கிரேக்கத்திலும் பாரசீகத்திலும் இதற்கு உடன்பிறப்புகள் உண்டு. அதே வடமொழியில் மா என்றால் லக்ஷ்மியும்கூட. இமவான் மகள் தவத்துக்குக் கிளம்பினபோது தாய் மேனை 'அடி, வேண்டாம்' என்று தடுத்தாள், அதுவே உமா என்ற பெயராயிற்று என்று காளிதாசன் குமாரசம்பவத்தில் சொல்கிறான். மகள் நிற்கவில்லை, போனாள். தாயின் தடைச்சொல்தான் பெயராய்த் தங்கிற்று.

ராமாயணத்தின் விஷயம் இதைவிடக் கடுமையானது. இணையாக இருந்த இரண்டு கிரௌஞ்சப் பறவைகளில் ஆணை வேடன் அடித்துவிடுகிறான். பெண் பறவை கதறுகிறது. அதைக் கண்ட வால்மீகியின் வாயில் தன்னையறியாமல் வந்த சாபந்தான் முதல் சுலோகம் என்பார்கள். அது தொடங்குவதே மா என்ற எழுத்தில்தான்: வேடனே, உனக்கு நிலைபேறு கிடையாது என்று. பின்னால் வந்த உரைகாரர்களுக்கு இது சங்கடமாகப் போய்விட்டது. மகாகாவியம் சாபத்திலா பிறப்பது? ஆகவே மா என்பதை லக்ஷ்மி என்றாக்கி, வேடன் என்ற சொல்லையும் அதனோடு சேர்த்து, 'திருமகள் உறையும் இடமானவனே' என்று திருமாலை விளித்ததாகப் பொருள் கண்டார்கள். அடிபட்ட பறவை ராவணன், கதறியது மண்டோதரி, அம்பு விட்டவன் ராமன். சாபம் மங்களாசாசனமாயிற்று.

வடமொழி இலக்கணப்படி இதற்கு இடமிருக்கிறது. பக்தியும் குறைந்ததில்லை. இருந்தும், ஓர் உபந்நியாசத்தில் இதை முதன்முதலில் கேட்டுச் சபை ஆகாகாரம் செய்தபோது எனக்கு என்னவோ மனசு ஒட்டவில்லை. கண் முன்னால் ஒரு பறவை செத்துக் கிடக்கிறது, இன்னொன்று அலறுகிறது. 'செய்யாதே' என்று ஒரு மனிதர் துடித்துப்போய்ச் சொன்னதை, அம்பு விட்டவனுக்குப் பாடிய வாழ்த்து என்று சொல்லத் துணிய வேண்டுமானால் எவ்வளவு படித்திருக்க வேண்டும்! இரண்டு பொருள் இருப்பது சொல்லின் குற்றமல்ல. கேட்கிறவன் தனக்குச் சௌகரியமானதை எடுத்துக்கொள்கிறானே, அது யாருடைய குற்றம்?

நான் பிறரைச் சொல்கிறேன். என் வீட்டிலேயே நடந்தது. நான் சிறுவன். தாத்தா சுயமாகச் சம்பாதித்து வாங்கிய நிலம் ஒன்பது மா. வாரிசு மூன்று பேர், பெரியப்பா, என் அப்பா, அத்தை. 1956-ஆம் வருஷத்துச் சட்டப்படி அத்தைக்கு மூன்று மா சேரவேண்டும். அவள் இளம் வயதிலேயே கணவனை இழந்து எங்களோடு இருந்தவள். கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, எழுத்துக்காரர் விடுதலைப் பத்திரத்தைப் படித்தார். அதில் அத்தை தன் பாத்தியதையை மனப்பூர்வமாக விட்டுவிடுவதாக இருந்தது. கதவோரம் நின்றிருந்த அத்தை, "வேண்டாம் அண்ணா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். தமிழில் வேண்டாம் என்றால் 'எனக்குத் தேவையில்லை' என்றும் பொருள். 'இப்படிச் செய்யாதே' என்றும் பொருள். பெரியப்பா கண் கலங்கிவிட்டார். "பார்த்தியா, மகாலக்ஷ்மி! தனக்கு ஒண்ணும் வேண்டாங்கறா" என்றார். அப்பா தலையை ஆட்டினார். எழுத்துக்காரர் பேனாவை நீட்டினார். அத்தை ஒரு நிமிஷம் எல்லாரையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். எங்கள் குடும்பத்தில் அத்தையின் பெருந்தன்மை ஒரு கதையாகவே ஆகிவிட்டது. நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அவள் எந்த வேண்டாமைச் சொன்னாள் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. பெரியவனான பிறகு நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை; பதில் எதுவாக இருந்தாலும் அந்த மூன்று மாவின் நெல்லில்தான் நான் படித்தேன்.

ஆனால் வருஷா வருஷம் அறுப்பு முடிந்து அப்பா களத்திலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்ததும், அத்தை ஒரு சொம்பு மோரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்பாள்:

"மேலண்டை மூணு மாவிலே எத்தனை மூட்டை கண்டது?"

அப்பா சொல்வார். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டு உள்ளே போவாள்.