பட்டியலில் இல்லாத பாவம்

கிறிஸ்தவத்தில் மன்னிப்பு என்பது பெரிய சொல். சேரியிலிருந்து ஞானஸ்நானம் வாங்கப்போன நம் பாட்டன் பாட்டிகளுக்கு அந்தச் சொல்தான் முதலில் காட்டப்பட்டது. செஞ்ச பாவத்தைச் சொல்லு, மனம் வருந்து, ஆண்டவர் மன்னிப்பார். பூர்வஜென்ம வினை என்று சொல்லி ஒருத்தனைப் பிறந்த இடத்திலேயே புதைத்துவைக்கிற தத்துவத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விடுதலைச் செய்திதான். மறுப்பதற்கில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. சாதி பார்த்தவன் எந்தக் கோயிலில், எந்தச் சாமியாரிடம், என்றைக்கு அதைப் பாவம் என்று சொல்லி முழங்கால் போட்டான்?

பாவசங்கீர்த்தனத்துக்கு முறை இருக்கிறது. இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்று பெயர் மாறியிருந்தாலும் முறை மாறவில்லை. முதலில் ஆத்தும சோதனை. பிறகு மனஸ்தாபம். இனி செய்யமாட்டேன் என்ற பிரதிக்கினை. வாய்விட்டுச் சொல்வது. கடைசியில் அபராதம் தீர்ப்பது. திருடியவன் திருடினேன் என்று சொன்னால் மட்டும் போதாது, பொருளைத் திருப்பிக் கொடுக்கணும். லூக்கா எழுதிய சக்கேயு கதை இதைத்தான் சொல்கிறது. வரி வசூலித்துக் கொழுத்த அந்த ஆள் பாதிச் சொத்தை ஏழைகளுக்கும், ஏமாற்றியவர்களுக்கு நாலு மடங்கும் தருவதாகச் சொன்ன பிறகுதான் அவன் வீட்டுக்கு மீட்பு வந்ததாக இயேசு அறிவிக்கிறார். மத்தேயுவில் இன்னும் கறார். பீடத்தண்டை வந்தபிறகு சகோதரனோடு பிணக்கு இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே போட்டுவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகச் சொல்கிறார்.

ஆனால் ஆத்தும சோதனைக்குப் பட்டியல் ஒன்று உண்டே. பொய், களவு, காமம், கோபம், ஞாயிறு பூசைக்குப் போகாதது. 'சேரிக்காரனைத் தனியா உட்கார வச்சேன், அவன் பொணத்தை எங்க தெருவழியா விடலை' என்பது அதில் எங்கே? அது பாவமாகவே படவில்லை, பழக்கவழக்கம். பழக்கத்துக்காக எவன் மனஸ்தாபப்படுவான்?

சாமியார்களே அப்படித்தான் நடந்தார்கள். சந்நியாசி வேடம் போட்ட இயேசு சபைக் குருக்கள், உயர்சாதியார் தள்ளிவைத்துவிடுவார்கள் என்று, சாகக்கிடக்கிற பறையர் வீட்டுக்குள் நுழையத் தயங்கினார்கள். ரோமிலிருந்து வந்த தூதர் தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் போட்ட ஆணை, மதுரை, மைசூர், கர்நாடக மிஷன்களில் இதைக் கண்டித்தது. நோயாளி எவ்வளவு தாழ்ந்த சாதியானாலும் வீட்டுக்கே போய் அருட்சாதனம் தரவேண்டும் என்றது. நாற்பது வருசம் வழக்கும் விவாதமும். 1744இல் பதினான்காம் பெனடிக்ட் காலத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: பறையருக்கென்று தனிக் குருக்கள். கடைசிப் பாவசங்கீர்த்தனம் கேட்கிற காதுக்கே சாதி பிரித்த வரலாறு இது.

வடக்கன்குளத்துக் கோயிலை இரண்டு சாதிக்கு இரண்டு கால் வைத்த காற்சட்டை மாதிரிக் கட்டினார்கள். உளுந்தூர்பேட்டை அருகே எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி 2008 மார்ச்சில் கலவரம் வெடித்தது. போலீஸ் சுட்டதில் சாதிக் கிறிஸ்தவர் இருவர் செத்தார்கள். அந்த உயிர்களும் சாதிக்குக் கொடுத்த பலிதான்.

ஓசூரில் சாதி ஏது என்பார்கள். சிப்காட், கம்பெனி, ஷிப்டு, காண்ட்ராக்ட். தமிழ், கன்னடம், தெலுங்கு பேசுகிற சனங்கள். வாடகைக்கு வீடு கேட்டால்தான் 'நீங்க என்ன ஆளுங்க' என்ற கேள்வி வரும். ஓசூரில் வாழ்ந்த இளம் தம்பதி சாதி மாறிக் கட்டியதற்காகக் கொல்லப்பட்டு, எல்லை தாண்டி காவிரியில் பிணமாகக் கிடந்தது 2018 நவம்பரில். லைன் வீட்டில் குடியிருக்கிற ஒரு அக்கா, தியானக் கூட்டத்தில் 'உங்களுக்குத் தீங்கு செய்தவர்களை மன்னியுங்கள்' என்று கேட்டுவிட்டு வந்து சொன்னார்: "நான் செஞ்ச பாவத்த சாமிகிட்ட சொல்றேன். எனக்குச் செஞ்ச பாவத்த யாருகிட்டப் போயி சொல்றது? செஞ்சவன் வந்து எங்கிட்ட சொன்னானா?" இறையியல் கல்லூரிகள் பதில் சொல்லவேண்டிய கேள்வி இது.

காந்தியாரின் பிராயச்சித்தமும் இதே முடிச்சில்தான் மாட்டியது. ஹரிஜன சேவக சங்க நிர்வாகத்தில் தீண்டப்படாதவர்களுக்கு ஏன் இடமில்லை என்று கேட்டபோது, இது சாதி இந்துக்கள் தீண்டாமைக்குச் செய்யும் பிராயச்சித்தம், எனவே அவர்களே நடத்தவேண்டும் என்றார். அம்பேத்கர் 1945இல் எழுதிய காங்கிரஸ், காந்தி பற்றிய நூலில் இதை உரித்துக்காட்டினார். கடன்பட்டவனே கணக்குப்பிள்ளையாகவும் உட்கார்ந்தால் கடன் தீருமா?

இயேசு சிலுவையிலிருந்தே மன்னித்தாரே என்பார்கள். எழுபது தரம் ஏழு என்பார்கள். சரி. அதே லூக்காவில், தப்பு செய்த சகோதரனை முதலில் கண்டி, மனம் திரும்பினால் மன்னி என்ற வரிசையும் இருக்கிறது. கண்டிக்கிற உரிமையைப் பிடுங்கிக்கொண்டு மன்னிக்கிற கடமையை மட்டும் நம் தலையில் கட்டுவது எந்த நியாயம்? தென்னாப்பிரிக்காவில் டுட்டு தலைமையில் உண்மை, நல்லிணக்க ஆணையம் உட்கார்ந்தபோது, செய்த குற்றத்தை முழுதாகச் சொன்னால்தான் பொதுமன்னிப்பு என்றார்கள். பாதிக்கப்பட்டவர் மனதார மன்னிப்பதை எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. அங்கேயும் இழப்பீடு கடைசியில் நொண்டியது என்பது நமக்குப் பாடம்.

திருச்சபை வாய் திறக்கவே இல்லை என்று சொல்லமுடியாது. 2003இல் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடம் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை, தலித் மேம்பாட்டுக் கொள்கை அறிக்கையில், சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஐந்தில் ஒன்று, வாய்விட்டுச் சொல்வது, ஆகிவிட்டது. பிரதிக்கினை? அபராதம்? கல்லறைத் தோட்டத்துச் சுவரை இடிப்பது அபராதம். சப்பரம் சேரித்தெருவுக்குள் வருவது அபராதம். குருமடத்தில், பள்ளி வேலையில், ஆயர் நாற்காலியில் நமக்கான பங்கைத் திருப்பிக் கொடுப்பது அபராதம். கணக்கை யார் பார்ப்பது என்றால், பாதிக்கப்பட்டவர்கள்தான்.

தோழர்களே, மன்னிப்பு வேண்டாம் என்பதில்லை. எல்லாம் பறிபோனவர்கள் கையில் மிச்சமிருக்கிற ஒரே சொத்து அதுதான். கொடுப்பதா, எப்போது கொடுப்பது என்பதை நாம் முடிவு செய்வோம். மன்னிக்காதவளும் பாவி என்று அந்த அக்காவை மிரட்டுகிறவர்கள், செய்தவனை முதலில் அவர் வாசலுக்குக் கூட்டி வரட்டும்.