கட்டாயம் இல்லாதவர்களின் சட்டம்

ஒரு சங்கம் தனக்கென விதிகள் எழுத உட்கார்ந்தால், யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதைத்தான் முதலில் எழுதும். டெபியன் நேர்மாறாக எழுதியது. 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்ற மாணவர் அறிவித்த இந்த லினக்ஸ் இயங்குதளத் திட்டம், 1998 டிசம்பரில் தனக்கொரு அமைப்புச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. அதன் பொது விதிகளின் தொடக்கமே, இந்தச் சட்டம் யாரையும் வேலை செய்யக் கட்டாயப்படுத்தாது என்பதுதான். ஒப்படைத்த வேலையில் விருப்பமில்லையா, விட்டுவிடலாம். ஆனால் விதிகளுக்கும் முறைப்படி எடுத்த முடிவுகளுக்கும் எதிராக வேலை செய்யக் கூடாது. தன்னார்வலரின் பங்கு இவ்வளவுதான்: செய்யாமல் இருக்கலாம், கெடுக்கக் கூடாது.

இந்த விதியை வைத்துக்கொண்டு ஒரு கல்யாணப் பந்தியைக்கூட நடத்த முடியாது என்று தோன்றும். டெபியன் முப்பது ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. உபுண்டு என்ற இயங்குதளம் அதன் மேல் எழுந்ததுதான். ஆண்டுதோறும் வாக்களித்து ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவரால் யாருக்கும் ஆணையிட முடியாது, கேட்டுக்கொள்ளலாம்.

2006இல் இந்த ஏற்பாட்டுக்குள் பணம் நுழைந்து பார்த்தது. எட்ச் என்ற பதிப்பை டிசம்பர் 4க்குள் வெளியிட வேண்டும். அதற்காக, வெளியீட்டுப் பொறுப்பாளர்கள் இருவர் முழுநேரம் உழைக்கப் பணம் கொடுக்கலாம் என்று சிலர் தனியாக ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். பெரும் சண்டை மூண்டது. அதுவரை யாருடைய உழைப்புக்கும் விலை இல்லை. அதனால் எல்லாருடையதும் ஒன்றுதான். இருவருக்கு விலை வைத்ததும் மற்றவர்களுக்குப் பூஜ்யம் என்ற விலை வந்துவிட்டது. எட்ச் 2007 ஏப்ரல் 8 அன்று வெளிவந்தது. தாமதத்துக்குப் பணம்தான் காரணம் என்று சொல்வதற்கில்லை. பணம் அதைத் தடுக்கவில்லை என்று சொல்லலாம்.

இது உள்வீட்டுச் சண்டை. விதியின் முழு எடை தெரிந்தது வேறோர் இடத்தில். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளைப் பல ஆண்டுகள் ஒரே மனிதர் ஓய்வு நேரத்தில் பார்த்துவந்தார். கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் அது இருக்கிறது. 2022இல் முன்பின் தெரியாதவர்கள் அவரை நெருக்கினார்கள்: ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறது, முடியாவிட்டால் வேறொருவரிடம் ஒப்படைக்கலாமே? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது பழைய வழக்கம். இவர்கள் கறவை ஏன் குறைகிறது என்று கொடுத்தவரிடமே கணக்குக் கேட்டார்கள். இது சம்பளமில்லாத வேலை என்று அவர் நினைவூட்ட வேண்டியிருந்தது.

கேட்டபடியே ஒருவர் கிடைத்தார். ஜியா டான் என்ற பெயரில் வந்த அவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக உழைத்து, நம்பிக்கையைப் பெற்று, 2024 தொடக்கத்தில் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் ஒரு புறவாசலை, அதாவது கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழையும் வழியை, பொருத்தினார். அவசரப்படுத்தியவர்களும் அதே சதியின் ஆட்கள் என்று இன்று பரவலாகச் சந்தேகிக்கிறார்கள். செய்யாமல் இருந்தவர் குற்றவாளிக் கூண்டில் நின்றார்; கெடுக்க வந்தவர் சுறுசுறுப்பானவர் என்று பெயர் வாங்கினார்.

ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் தம் டெபியன் கணினியில் ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியே உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகப் பிடித்தது. ஏன் என்று துருவிப் பார்த்து, அந்தப் புறவாசலைக் கண்டுபிடித்து, 2024 மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். அவர் சம்பளம் வாங்குபவர்தான். இதைத் தேடும்படி யாரும் சொல்லவில்லை. அந்த அரை விநாடியை அவர் சட்டை செய்யாமல் விட்டிருந்தால் எந்த விதியும் அவரைக் கேட்டிருக்காது.

டெபியனின் விதி உள்ளே உழைப்பவர்களுக்காக எழுதப்பட்டது. வெளியே நின்று வாங்கிக்கொள்ளும் நமக்கு அப்படியொரு விதியை யாரும் எழுதித் தரவில்லை. புதிதாக எழுதவும் தேவையில்லை. அதன் முதல் பாதியை நாம் ஏற்கெனவே பிசகாமல் கடைப்பிடிக்கிறோம்: நாம் எதுவும் செய்வதில்லை. இரண்டாம் பாதிதான் பாக்கி.