மூன்று பெயர் கொண்ட பச்சைப் பழம்

பிளம்ஸ் என்றதும் சிவப்பும் கருஞ்சிவப்புமாகத்தான் கண்முன் வரும். கிரீன்கேஜ் அப்படியல்ல, பழுத்தாலும் பச்சைதான். ஐரோப்பாவில் ஆகஸ்ட் மாதம் அது கனியும்போது பச்சையில் லேசாக மஞ்சள் ஏறும், வெயில் பட்ட பக்கம் சிவப்புப் புள்ளிகள் விழும், தோல்மேல் வெள்ளைச் சாம்பல் பூத்திருக்கும். காய் என்று ஒதுக்கினால் நஷ்டம் தின்னாதவருக்குத்தான். பிளம்ஸ் வகைகளிலேயே தித்திப்புக்குப் பேர்போனது இது.

கேஜ் என்பது ஒரு குடும்பத்தின் பெயர். இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில், பரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகருக்குப் பக்கத்தில் ஹென்கிரேவ் என்ற பழைய மாளிகை இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் சொந்தக்காரர் சர் வில்லியம் கேஜ். பிரான்ஸிலிருந்து அவருக்குப் பழக்கன்றுகள் வந்து இறங்கின. வந்த வழியில் ஒரு வகையின் பெயர்ச்சீட்டு மட்டும் தொலைந்துபோனதாம். தோட்டக்காரர் என்ன செய்வார்? பழம் பச்சை, தோட்டம் கேஜுடையது. ‘கிரீன் கேஜ்’ என்று கூப்பிட்டுவிட்டார்.

சீட்டு தொலைந்தது கதையாகவே இருக்கட்டும். கேஜ் பெயர் ஒட்டிக்கொண்டதற்குச் சாட்சி இருக்கிறது. லண்டன் துணி வணிகர் பீட்டர் கோலின்சனுக்குச் செடிகொடி என்றால் உயிர். ஹென்கிரேவுக்குப் போயிருந்தபோது, எழுபதை நெருங்கிய கேஜ் வாயாலேயே அவர் இதைக் கேட்டார். பிரான்ஸிலிருந்து முதலில் கொண்டுவந்தவர் என்பதால், அவரைக் கௌரவிக்கவே அந்தப் பெயர் வைக்கப்பட்டதாம். நடந்தது 1725 வாக்கில் என்றும் கோலின்சன் குறித்துவைத்தார்.

தொலைந்த பெயர் என்ன?

‘ரேன் குளோட்’. குளோட் ராணி என்று பொருள். பன்னிரண்டாம் லூயி மன்னரின் மகள் குளோட். முதலாம் பிரான்சுவாவை மணந்து, 1515இல் பிரான்ஸின் ராணியானார். ஏழு பிள்ளைகளைப் பெற்று, 1524இல் 24 வயதிலேயே இறந்துபோனார். இன்றும் பிரெஞ்சுச் சந்தையில் ‘ரேன் குளோட்’ என்று கேட்டால்தான் இந்தப் பழம் கிடைக்கும்.

போர்ச்சுகலிலும் ராணியின் பெயர்தான், ‘ரைன்யா கிளாவுதியா’. ஸ்பெயின் எல்லையோரம் இருக்கும் எல்வாஸ் நகரத்தில் இதை வேகவைத்து, சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டு, உலர்த்தி எடுப்பார்கள். அது கப்பலேறி ஆங்கிலேயர் வீடுகளில் கிறிஸ்துமஸ் தின்பண்டமானது. கேஜ் தோட்டத்தில் காய்த்த அதே இனம்தான். ஆனால் இங்கிலாந்தில் அதை ‘எல்வாஸ் பிளம்ஸ்’ என்றே சொல்லி வாங்கினார்கள்.