தராசு யார் கையில்?

அளப்பவன் ஒருவன், அளக்கப்படுபவன் மற்றொருவன் என்ற நிலை எங்கு உண்டோ, அங்கெல்லாம் நீதியைப் பற்றிய கேள்வியும் உண்டு. கேகாலை மாவட்டத்து அரநாயக்கவிலும் அதனையடுத்த மலைச்சரிவுகளிலும் கொழுந்து பறித்தும் றப்பர்ப் பால் வெட்டியும் வாழ்ந்த தலைமுறைகளுக்கு இக்கேள்வியை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அதே கேள்வி இன்று கணினித் திரையின் ஒரு மூலையில் புதிய உருவெடுத்து வந்து நிற்கின்றது. அதைப் பற்றியே இங்கு சிந்திக்க விரும்புகின்றோம்.

செயற்கை நுண்ணறிவுச் சேவைகளைப் பயன்படுத்துவோர் பலர் இப்போது தம் கணினியில் ஒரு சிறு கணக்குச் செயலியை வைத்துக்கொள்கின்றனர். இச்சேவைகள் பெரும்பாலும் சொல்லுக்கு விலை கேட்பதில்லை. ‘டோக்கன்’ என்னும் துணுக்குக்கே விலை. நாம் அனுப்பும் வாசகமும் பொறி திருப்பித் தரும் வாசகமும் துணுக்குகளாக உடைக்கப்பட்டு எண்ணப்படுகின்றன. பத்து இலட்சம் துணுக்குக்கு இத்தனை டொலர் என்பது விலைப்பட்டியல். நாம் அனுப்புவதற்கு ஒரு விலை, பொறி தருவதற்கு அதனிலும் சில மடங்கு விலை. கணக்குச் செயலியோ கணினியில் தங்கியுள்ள பதிவுகளைப் படித்து, அல்லது நிறுவனத்தின் ஏட்டைக் கேட்டு வாங்கி, இன்று இவ்வளவு, இம்மாதம் இவ்வளவு, எல்லைக்கு இன்னும் இவ்வளவு என்று காட்டும். எல்லை நெருங்கினால் எச்சரிக்கும்.

இது வசதி படைத்தோரின் விளையாட்டு என்று ஒதுக்குவோர் ஒரு கணக்கைப் பார்க்கட்டும். இத்தகைய சேவையொன்றின் மாதச் சந்தா 2023 இல் 20 டொலராக அறிமுகமாயிற்று. 2024 இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயென நிர்ணயிக்கப்பட்டது. டொலர் ஏறக்குறைய 300 ரூபாயாக நின்ற அந்த ஆண்டின் கணக்குப்படி, அச்சந்தா நாலரை நாள் உழைப்பு! உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் தோட்டத்துப் பிள்ளையும், அப்பிள்ளைக்குப் பாடம் ஆயத்தம் செய்யும் ஆசிரியரும் இச்செலவைக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய இயலாது. கணக்குப் பார்ப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு அன்று.

எனினும், கணக்கு நம் கண்முன் தெரிந்துவிட்டால் நீதி கிடைத்துவிடுமா?

கொழுந்து மடுவத்தை நினைத்துப் பார்ப்போம். தராசு தொழிலாளியின் கண்முன்னேதான் தொங்குகிறது. முள் காட்டும் எண்ணை அவள் பார்க்கின்றாள். ஆனால் ஏட்டில் ஏறும் எண் வேறு. சாக்குக்கு இத்தனை, ஈரத்துக்கு இத்தனை, முற்றிய இலைக்கு இத்தனை என்று கழிவு போகும். கழிவின் அளவை அவள் முடிவு செய்வதில்லை. எத்தனை கிலோ பறித்தால் முழுப் பேர், எத்தனைக்குக் குறைந்தால் அரைப் பேர் என்பதையும் மடுவத்தில் நிற்கும் அவளைக் கேட்டு எவரும் எழுதுவதில்லை. றப்பர்த் தோட்டத்திலோ விடயம் இன்னும் நுட்பமானது. வாளியில் எத்தனை லீற்றர் பால் என்பது மட்டும் போதாது. அதில் எவ்வளவு றப்பர் உண்டு என்பதை மெட்ரோலக் என்னும் மிதவைக் கருவி சொல்ல வேண்டும். கருவி பொய் சொல்லாதிருக்கலாம். ஆனால் அதைப் பாலில் இறக்குபவரும், படித்துச் சொல்பவரும், ஏட்டில் பதிபவரும் ஒரே தரப்பினர்.

அதற்கும் முந்திய காலத்தில் ‘துண்டு’ இருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு என்று ஒரு காகிதத்தில் எழுதி, அக்கடனை ஏற்கும் தோட்டத்துக்கு அவனையும் சேர்த்து மாற்றிவிடும் முறை அது. தன் வாழ்வையே கட்டிப்போட்ட அந்தத் தொகையைப் பெரும்பாலான தொழிலாளரால் படிக்கவும் முடியவில்லை. 1921 இல் சட்டம் அம்முறையை ஒழித்தது.

பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர் இதே சிக்கலுக்கு வேறொரு வழி கண்டனர். வெட்டிய நிலக்கரியின் எடைக்கே கூலி. எடை போடுபவரோ முதலாளியின் ஆள். ஆகவே, தம் செலவில் தமக்கென ஒரு நிறுவைக் கண்காணிப்பாளரைத் தேர்ந்து, தராசின் அருகில் நிறுத்தும் உரிமைக்காகப் போராடினர். 1860 ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை ஏற்றது. முதலாளிகள் சிலர் அக்கண்காணிப்பாளரை வேலையிலிருந்தே நீக்கிப் பார்த்தனர். 1887 ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமைக்கு மேலும் வலுவூட்டியது.

கணினி மூலையில் இருக்கும் செயலியை நம் காலத்து நிறுவைக் கண்காணிப்பாளர் என்று சொல்லத் தோன்றுகிறது. பாதி உண்மைதான். ஆனால் சுரங்கத்துக் கண்காணிப்பாளர் தராசையே பார்த்தார். இச்செயலி பெரும்பாலும் நிறுவனம் எழுதிய எண்ணைப் பிரதி செய்கிறது. அவர் பின்னே ஒரு தொழிலாளர் கூட்டம் நின்றது. இதன் பின்னே தனியாளாக நாம் மட்டுமே நிற்கின்றோம். 2024 செப்டெம்பரில் வெளிவந்த ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ‘ஓ1’ மாதிரி, விடை கூறுமுன் தனக்குள் நீண்ட சிந்தனைத் தொடரை ஓட்டும். அத்தொடர் முழுமையாக நமக்குக் காட்டப்படவில்லை. ஆயினும் அதன் துணுக்குகளுக்கு விலை அறவிடப்பட்டது. செயலி அந்த எண்ணையும் ஒழுங்காகக் கூட்டிக் காட்டும். எண் சரிதானா என்று பார்க்க அதனிடம் ஏது வழி? சாக்குக் கழிவைத் தலைகீழாக்கினால் இதுதான்!

இதனினும் பெரிய விடயம் அளவின் அலகு. அதே நிறுவனம் 2024 மே மாதத்தில் ‘ஜிபிடி-4ஓ’ மாதிரியை வெளியிட்டபோது, ஒரே அறிமுக வாசகம் 20 மொழிகளில் எத்தனை துணுக்காகும் என்று தானே காட்டியது. பழைய முறையில் ஆங்கிலத்துக்கு 27 துணுக்கு, தமிழுக்கு 116. புதிய முறையில் ஆங்கிலத்துக்கு 24, தமிழுக்கு 35. அதாவது, அதுவரை ஒரே கருத்தைச் சொல்லத் தமிழர் நான்கு மடங்குக்கு மேல் அளக்கப்பட்டனர். கணினியில் ஆங்கில எழுத்தொன்று 1 பைட்டில் அடங்கும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு. ‘தே’ என்று எழுதினால் 6. இது ஒரு காரணமே. மற்றொரு காரணம், துணுக்காக்கும் பொறியைப் பழக்கியபோது தமிழுக்கு ஊட்டப்பட்ட பங்கு மிகச் சிறியது என்பது. 116 என்பது தமிழின் இயல்பாய் இருந்திருப்பின் அது 35 ஆகியிராது. தமிழ் மாறவில்லை, தராசு மாறியது.

சிக்கனம் நல்லொழுக்கமல்லவா, செலவைக் கண்முன் வைத்து மனிதனுக்குத் தன்னடக்கம் கற்பிக்கும் கருவியை ஏன் குறைகூற வேண்டும் என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். கற்பிக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. எதைக் கற்பிக்கிறது என்பதே வினா. தமிழில் கேட்டால் எண் விரைந்து ஏறுவதையும், ஆங்கிலத்தில் கேட்டால் மெல்ல ஏறுவதையும் நாள்தோறும் பார்க்கும் மாணவன் என்ன முடிவுக்கு வருவான்? எவரும் தடைவிதிக்காமலேயே, தன் காசை மிச்சப்படுத்தும் நல்லெண்ணத்துடனேயே, அவன் தன் மொழியில் சிந்தனையைக் கேட்டு வாங்குவதை விட்டுவிடுவான். அதனை அவன் தன் சொந்த விவேகம் என்றும் நம்புவான். அரைப் பேருக்கு அஞ்சிக் கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு மலைக்கு ஓடும் தாயின் வேகத்தை எவரும் சுறுசுறுப்பு என்று மட்டும் புகழ்ந்துவிட முடியாதல்லவா?

ஆகவே செயலியைக் களைந்துவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது காட்டும் எண்ணை நான்கு பேர் கூடிப் பாருங்கள். ஒரு நூலகமோ ஆசிரியர் சங்கமோ ஒரு கணக்கைப் பொதுவில் வாங்கலாம். புதிய மாதிரி வரும்போதெல்லாம் ஒரே பாடப்பகுதியைச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கொடுத்து, துணுக்குகளை எண்ணி, ஏட்டில் எழுதி, ஊரறிய வெளியிடலாம். துணுக்கை எண்ணிக் காட்டும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஒரு வகுப்புப் பாடவேளை போதும்.

அரநாயக்கவில் இதைச் செய்யத் தொடங்கினால் மாணவர் முதலில் கவனிக்கப்போவது ஒன்றுண்டு. சிங்கள எழுத்தின் ஒவ்வொரு குறிக்கும் கணினியில் 3 பைட்டுதான். கிராமத்துப் பாடசாலைப் பிள்ளையும் தோட்டத்துப் பாடசாலைப் பிள்ளையும் இந்தத் தராசின் முன்னே ஒரே வரிசையில்தான் நிற்கின்றனர்.