மேல்வீட்டார் கடமை எதுவரை?

வீட்டின் முகப்புக்கு வண்ணம் பூசுவோர் உண்டு. தலைவாசலுக்குப் பித்தளைப் பூண் இடுவோர் உண்டு. விருந்தினர் அமரும் கூடத்தை ஆண்டுதோறும் புதுப்பிப்போரும் உண்டு. ஆனால் சுவருக்குப் பின்னும் தரைக்குக் கீழும் கிடந்து, அவ்வீட்டின் அழுக்கையெல்லாம் ஓசையின்றிச் சுமந்து செல்லும் கழிநீர்க் குழாயை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. அது உடைந்து நாறத் தொடங்கிய பின்னரே அப்படியொன்று இருப்பது பலருடைய நினைவுக்கு வருகிறது. இக்குழாயை முன்வைத்து ஓர் அறக்கேள்வியை இங்கு ஆராயக் கருதுகிறோம். நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நம்மால் பிறருக்கு விளையும் தீங்குக்கு நாம் எதுவரை பொறுப்பாளிகள்? நம் வீட்டு எல்லையைத் தாண்டியதும் அப்பொறுப்பு தீர்ந்துவிடுமா?

சமவெளியில் வாழ்வோரைவிட மலைச்சரிவில் வாழ்வோருக்கு இக்கேள்வி எளிதில் விளங்கும். போடிநாயக்கனூரிலிருந்து மலை நோக்கிச் செல்லும் சாலை குரங்கணியில் அடிவாரத்தைத் தொடுகிறது. அதற்கு மேலே செல்பவை எல்லாம் ஏற்றம். அங்கிருந்து வருபவை எல்லாம் இறக்கம். ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிப் பக்கம் இறங்கின. மேலே குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறு இரயில்பாதையை 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அழித்துவிட்டது. இன்றும் ஏலமும் காப்பியும் மிளகும் மலையிலிருந்து இறங்கிவந்தே போடிச் சந்தையை அடைகின்றன. அவற்றோடு நீரும் இறங்குகிறது. கொட்டகுடி ஆறு குரங்கணியைக் கடந்து, போடியை அடுத்து ஓடி, இறுதியில் வைகையோடு சேர்கிறது. வைகையை நம்பி மதுரை மாநகரமே தாகம் தணிக்கிறது. ஆகவே மேலே இருப்பவர் எதைக் கழித்துவிட்டாலும் அதைக் கீழே இருப்பவர் ஏற்க வேண்டியிருக்கிறது. ஆற்றுக்குப் பொருந்தும் இந்த உண்மை, ஒரே சரிவில் அடுக்கடுக்காய் நிற்கும் மூன்று வீடுகளுக்கும், ஒரே கட்டடத்தின் மூன்று மாடிகளுக்கும் அப்படியே பொருந்தும்.

பழைய மாடி வீடுகளின் சுவரோரம் இன்னும் நிற்கும் வார்ப்பிரும்புக் குழாய்களைப் பார்ப்போம். வார்ப்பிரும்பு எளிதில் தோற்கும் பொருளன்று. பிரான்சு நாட்டின் வெர்சேல்ஸ் அரண்மனைக்காக 1664ஆம் ஆண்டளவில் இட்ட வார்ப்பிரும்புக் குழாய்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நீர் சுமந்தன. பி.வி.சி. குழாய் பரவுமுன் நம் நாட்டுக் கொத்தனார்களும் குழாய் வேலைக்காரர்களும் இதையே நம்பினர். மூட்டுவாயில் சணலைத் திணித்து, ஈயத்தை உருக்கி ஊற்றி, உளியால் தட்டி இறுக்கி அவர்கள் அமைத்த குழாய்கள் இரண்டு தலைமுறைகளைத் தாங்கின.

எனினும் அதற்கும் முடிவு உண்டு. அம்முடிவு வரும் விதம் சிந்திக்கத் தக்கது. கழிநீரிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுக்காற்று, குழாயின் மேற்புறத்தில் படிந்துள்ள ஈரத்தில் நுண்ணுயிர்களின் செயலால் கந்தக அமிலமாக மாறுகிறது. அதனால் படுக்கையாகக் கிடக்கும் குழாய், அழுக்குநீர் ஓடும் அடிப்புறத்துக்கு முன்பாகவே, நீர் தொடாத முதுகுப்புறத்தில் பிளந்துவிடுவதும் உண்டு. மற்றொரு விதமும் உண்டு. இரும்பு மெல்ல மெல்லக் கரைந்து போக, அதனோடு கலந்திருந்த கரிப்பொருள் மட்டும் பழைய வடிவிலேயே நின்றுவிடும். பார்வைக்குக் குழாயில் குறையே தெரியாது. சுத்தியால் தட்டினால் கணீரென்ற ஓசைக்குப் பதில் மந்தமான ஒலி கேட்கும். கத்திமுனையால் சுரண்டினால் பென்சில் கரியைப்போல் உதிரும். வடிவம் இருக்கிறது, வலிமை போய்விட்டது.

இந்நிலையில் உள்ள குழாயின்மீது வண்ணம் பூசி, வீட்டை விற்றுவிடுகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஷரீஅத்தின் வணிகச் சட்டம் இதை ஐயத்துக்கு இடமின்றித் தீர்த்துவைத்திருக்கிறது. பொருளின் குறையை அறிந்திருந்தும் மறைத்து விற்பது குற்றம். மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் விற்பனையை முறிக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. இதில் சிக்கல் இல்லை. அவர் வீட்டை விற்கவில்லை, தாமே குடியிருக்கிறார், கசிவு மட்டும் கீழ்வீட்டுச் சுவரில் இறங்குகிறது என்றால்தான் கேள்வி கடினமாகிறது.

நம் பிக்ஹு நூல்கள் சாய்ந்த சுவரைப் பற்றி ஒரு சட்டம் கூறுகின்றன. ஒருவருடைய சுவர் நாளடைவில் சாய்ந்து நிற்கிறது. அது விழுந்து அடுத்தவருக்குச் சேதம் விளைந்தால் ஈடு செய்ய வேண்டுமா? ஹனபி அறிஞர்கள் தரும் விடை இதுதான்: சுவரை இடித்துவிடும்படி உரியவர்கள் முன்னரே எச்சரித்து, இடிப்பதற்குப் போதிய கால அவகாசமும் இருந்து, அதன் பின்னும் அவர் வாளாவிருந்தால் அவரே பொறுப்பாளி. எச்சரிக்கை இல்லையேல் பொறுப்பு இல்லை. அறியாமல் நேர்ந்ததையும் அறிந்தும் அசட்டை செய்ததையும் நம் முன்னோர் எவ்வளவு நுட்பமாகப் பிரித்தனர் என்பதை இதில் காண்கிறோம்.

ஆனால் சாய்ந்த சுவரைத் தெருவில் போவோர் எல்லாரும் பார்க்கலாம், எச்சரிக்கலாம். சுவருக்குள் கிடக்கும் குழாயை யார் பார்த்து யாரை எச்சரிப்பது? சுத்தியின் மந்த ஒலியைக் கேட்டவர் வீட்டுக்காரர் ஒருவரே. நீர் மெல்ல வடிவதையும், சுவர் பொருமுவதையும், குளியலறையில் நாற்றம் வீசுவதையும் முதலில் அறிந்தவரும் அவரே. எனவே அண்டைவீட்டார் செய்ய வேண்டிய எச்சரிக்கையை இங்கே அவருடைய மனச்சான்றே செய்துவிடுகிறது. வழக்கு மன்றத்தில் இதை மெய்ப்பிக்க இயலாமற் போகலாம். ஆனால் அறிந்த நாள் எது என்பதை அவர் அறிவார். அவரைப் படைத்தவனும் அறிவான். கீழ்வீட்டார் வந்து கேட்கட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருப்பதற்கு இதன்பின் நியாயம் இல்லை.

அடுத்து, பழுதுபார்க்கும் செலவு யாரைச் சேரும்? போடியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் வாழும் ராவுத்தர் மக்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஹனபி வழியிலேயே இதற்கு அரியதொரு விளக்கம் கிடைக்கிறது. பலர் கூட்டாகப் பயன்படுத்தும் பாசனக் கால்வாயைத் தூர் எடுக்கும் வேலை மேல்முனையிலிருந்து தொடங்க வேண்டும். தன் நிலத்தைத் தூர்வேலை தாண்டியதும் மேல்நிலத்தார் செலவிலிருந்து விடுபடுவார் என்றார்கள் இமாம் அபூஹனீபா (ரஹ்). அவர்களுடைய மாணாக்கர்களான அபூயூசுப் (ரஹ்), முஹம்மது (ரஹ்) இருவரும் இதற்கு உடன்படவில்லை. தொடக்கம் முதல் முடிவுவரை எல்லாருக்கும் பங்கு உண்டு, ஏனெனில் தம் நிலத்தின் மிகைநீரை வடிப்பதற்கு மேல்நிலத்தாருக்கும் கீழ்ப்பகுதி தேவைப்படுகிறது என்பது அவர்கள் கருத்து. ஹிதாயா என்னும் நூல் இவ்விரு கருத்துகளையும் எடுத்துரைக்கிறது.

அஹ்மது ஜவ்தத் பாஷாவின் தலைமையில் உதுமானிய அறிஞர் குழு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா என்னும் சட்டநூல், கால்வாயைப் பற்றிய விதியை அடுத்துக் கழிநீர் வாய்க்காலைப் பற்றியும் விதி வகுக்கிறது. அங்கே முறை தலைகீழாகிறது. கூட்டுக் கழிநீர் வாய்க்காலைத் துப்புரவு செய்யும் வேலை கீழ்முனையிலிருந்து தொடங்க வேண்டும். கடைசி வீட்டுப் பகுதியின் செலவில் எல்லாருக்கும் பங்கு. வேலை மேல்நோக்கி நகர நகர, தாண்டப்பட்ட ஒவ்வொருவரும் விடுபடுவர். உச்சியில் இருப்பவர் எல்லாப் பகுதிகளின் செலவிலும் பங்கேற்று, தம் பகுதிச் செலவைத் தனியாகவும் ஏற்பார்.

காரணம் வெளிப்படையானது. நன்னீர் ஒருவருடைய நிலத்தைக் கடந்தபின் அதில் அவருக்குப் பயன் இல்லை. அழுக்குநீரோ கீழே உள்ள அனைவருடைய வாசலையும் கடந்து போய்ச் சேர்ந்தால்தான் மேலே உள்ளவரின் வீடு தூய்மையாகும். நன்மை எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்து கணக்கு எழுதுவது ஒரு முறை. தீமை எங்கே போய்ச் சேருகிறதோ அங்கிருந்து கணக்கு எழுதுவது மற்றொரு முறை. முன்னதைப் பேசும்போது நாம் உரிமை பேசுகிறோம். பின்னதைப் பேசும்போது கடமை பேசியாக வேண்டும். மேல்மாடிக்காரர் தம் தளத்துக் குழாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று வாதாடுவது, கழிநீருக்குப் பாசனக் கால்வாயின் சட்டத்தைப் பொருத்துவதாகும். கடைசி வீட்டார் பெரும்பாலும் வசதி குன்றியவராய் இருக்கும் நம் ஊர்களில் இந்த விதியின் நீதி இன்னும் பெரிதாய்த் தோன்றுகிறது.

இனி, வேலையைச் செய்யும் முறையிலும் அறம் இருக்கிறது. வெடிப்பின்மேல் பசை பூசி நாடா சுற்றுவது சில நாளைக்குத் தாங்கும். கரியாகிப்போன குழாய்க்கு அது மருந்தாகாது. கெட்ட பகுதியை அறுத்தெடுத்துப் புதுக்குழாய் பொருத்த வேண்டும். அறுக்குமுன், மேலே நிற்கும் நெடுங்குழாயின் பாரத்தைச் சுவரில் பற்றுக்கம்பி அடித்துத் தாங்க வைத்தாக வேண்டும். இல்லையேல் அது வேலை செய்பவர் தலையில் இறங்கும். பழைய இரும்பையும் புதிய பி.வி.சி.யையும் இரும்புப் பட்டையிட்ட இரப்பர் உறையால் இணைக்க வேண்டும். நான்கங்குலக் குழாய்க்கு நாற்பது அடிக்கு ஓரடி என்ற சரிவு வேண்டும். செலவைக் குறைக்கச் சரிவைக் குறைத்தால், பேரப்பிள்ளைகள் காலத்தில் வர வேண்டிய அடைப்பு நம் காலத்திலேயே வந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அக்குழாயிலும் அது சென்று சேரும் தொட்டியிலும் யாருடைய கை நுழைகிறது என்பதை நினைக்க வேண்டும். மேலே சொன்ன அதே நச்சுக்காற்று, அளவு மிகும்போது முகரும் உணர்வையே மழுக்கிவிடும். நாற்றம் நின்றது என்று எண்ணி இறங்கியவர் மீள்வதில்லை. மனிதரே மலம் அள்ளும் கொடுமையை 1993ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றிச் சாக்கடையிலோ கழிவுத் தொட்டியிலோ ஆளை இறக்கும் எவரையும் குற்றவாளியாக்கியது. வீட்டுக்காரரும் அதில் அடங்குவர். இறந்தோர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது இலட்சமாக உயர்த்தியது. சட்டத்துக்குமேல் சட்டமும் தீர்ப்புக்குமேல் தீர்ப்பும் வந்தும் இறப்புகள் நின்றபாடில்லை. சரிவின் கடைசிப் படியில் நிற்பவர் அந்தத் தொழிலாளியே. கணக்கைக் கீழ்முனையிலிருந்து தொடங்க வேண்டும் என்றால், அது அவருடைய உயிரிலிருந்து தொடங்க வேண்டும். கருவியும் கையுறையும் உரிய கூலியும் முதற்செலவாக எழுதப்பட வேண்டும்.

தூய்மையை ஈமானின் பகுதியாகப் போற்றும் சமுதாயம் நாம். ஒளுச் செய்த நீர் எங்கே போகிறது என்று கேட்பதும் அத்தூய்மையில் சேர்ந்ததே. இந்த மழைக்காலம் வருமுன் நம் வீட்டுக் குழாயை ஒருமுறை தட்டிப் பார்ப்போம். மந்த ஒலி கேட்டால், கீழ்வீட்டார் வந்து கதவைத் தட்டும் வரை காத்திராமல், நாமே இறங்கிச் சென்று அவர்களிடம் சொல்வோம்.